தொட்டியில் வளர்ந்த தங்கமீன்

2007 நவம்பர் 12 அன்று ஆண்ட்ராய்டுக்கு நிரல் எழுதுவதற்கான முதல் மூட்டையைக் கூகுள் பொதுவில் அவிழ்த்து வைத்தது. போனுக்கென்று செய்த இயங்குதளம் அது. ஆனால் அதை ஓட்டும் போன் ஒன்றுகூட அன்றைக்கு எந்தக் கடையிலும் இல்லை. மூட்டையைப் பிரித்தவர்களுக்கு உள்ளே கிடைத்தது எமுலேட்டர் என்றொரு நிரல். அதைத் தட்டினால் கணினித் திரையில் ஒரு போனின் படம் வந்து நிற்கும். படத்துக்குள்ளே ஒரு திரை, கீழே பொத்தான்கள். மவுஸை வைத்து அமுக்கினால் பொத்தான் வேலை செய்யும், மெனு திறக்கும், பிரவுசர் ஓடும். தொட்டுப் பார்க்க மட்டும் எதுவும் இருக்காது.

முதல் ஆண்ட்ராய்டு போன், ஹெச்டிசி ட்ரீம், அமெரிக்காவில் டி-மொபைல் ஜி1 என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது 2008 அக்டோபர் 22-ல். இடையில் பதினோரு மாதம். அந்தப் பதினோரு மாதமும் ஆண்ட்ராய்டு உயிரோடிருந்தது இந்தப் படத்துக்குள்தான். சும்மாவும் இருக்கவில்லை. நல்ல ஆப் எழுதுகிறவர்களுக்கு மொத்தம் 1 கோடி டாலர் பரிசு என்று கூகுள் அறிவித்திருந்தது. 2008 ஏப்ரலில் முதல் சுற்று முடிந்தபோது எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து 1,788 ஆப்கள் வந்து குவிந்திருந்தன. எழுதியவர்களில் அநேகமாக யாரும் ஆண்ட்ராய்டு போனைக் கண்ணால் கண்டதில்லை. பிள்ளை பிறப்பதற்கு முன்பே பள்ளியில் சேர்த்துப் பரிசும் வாங்கிக்கொடுத்த கதை.

போனைப் பார்த்துத்தான் எமுலேட்டர் செய்வார்கள் என்று நினைக்கிறோம். ஆண்ட்ராய்டின் கதையில் வரிசை தலைகீழ். இந்தப் போலியைத்தான் முதலில் தேய்த்துத் தேய்த்துப் பழகினார்கள். அசல் பின்னால் வந்தது. அதனாலேயே இதன் வரலாற்றைத் தனியாகச் சொல்லலாம் என்று தோன்றியது.

பெயரிலிருந்து தொடங்குகிறேன். ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பது லினக்ஸ். எந்த வன்பொருள் பலகைமேல் தான் ஏறி உட்கார்ந்திருக்கிறோம் என்று லினக்ஸுக்குச் சொல்லியாக வேண்டும். ஆகவே ஒவ்வொரு பலகைக்கும் ஒரு பெயர் உண்டு. ஆண்ட்ராய்டு ஆட்கள் மீன் பெயராகப் பார்த்து வைத்தார்கள். ஜி1-இன் பலகை ட்ரௌட், ஆற்று மீன். நெக்ஸஸ் ஒன் வந்தபோது மாஹிமாஹி, கடல் மீன். பிற்பாடு வந்த நெக்ஸஸ் 5-க்கு ஹேமர்ஹெட், நம் மீனவர்கள் கொம்பன் சுறா என்கிறார்களே அது. இவையெல்லாம் வெளியே நீந்தப் போகும் மீன்கள். கண்ணாடிக்குள்ளேயே பிறந்து கண்ணாடிக்குள்ளேயே வாழப்போகும் இந்தப் பொய்ப் பலகைக்கு அவர்கள் வைத்த பெயர் கோல்டுஃபிஷ். தங்கமீன். அலுவலக நகைச்சுவைதான், ஆனாலும் இவ்வளவு பொருத்தமான பெயரைக் கணினி உலகில் நான் அதிகம் பார்த்ததில்லை.

தங்கமீனுக்குத் தொட்டி கட்டிக் கொடுத்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர், ஃபாப்ரீஸ் பெல்லார். 2003-ல் அவர் வெளியிட்ட க்யூஎமு என்ற நிரல்தான் ஆண்ட்ராய்டு எமுலேட்டரின் அஸ்திவாரம். ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை உண்டாக்குவது அவருக்கு முன்பே இருந்த வித்தைதான். 1964-ல் ஐபிஎம் தன் சிஸ்டம்/360-ஐ அறிவித்தபோது, பழைய 1401 இயந்திரத்துக்கு எழுதிய நிரல்களை விட்டுவர வாடிக்கையாளர்கள் மறுப்பார்கள் என்று தெரிந்து, புதியதற்குள் பழையதைப் போல நடிக்கும் ஏற்பாட்டையும் சேர்த்தே செய்தது. எமுலேட்டர் என்ற சொல் அந்தக் காலத்துச் சரக்கு. பெல்லார் செய்தது, அந்த வித்தையை வேகமாகவும், எந்தச் சாதாரணக் கணினியிலும், இலவசமாகவும் ஆக்கியது.

வித்தை என்னவென்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். போனில் இருக்கும் பிராசஸர் ஆர்ம் வகை. மேசைமேல் இருக்கும் கணினியின் பிராசஸர் எக்ஸ்86 வகை. இரண்டும் பேசும் மொழி வேறு. ஆர்ம் மொழியில் எழுதிய கட்டளையை எக்ஸ்86 பிராசஸரிடம் நீட்டினால் அதற்கு அது வெறும் இரைச்சல். நடுவில் ஒரு துபாஷி வேண்டும். புதுச்சேரியில் துய்ப்ளேக்கு ஆனந்தரங்கப் பிள்ளை இருந்தாரே, அப்படி. க்யூஎமு அந்தத் துபாஷி. ஆனால் சொல்லுக்குச் சொல் நின்று பெயர்க்கிற துபாஷி அல்ல. கட்டளைகளை ஒரு கொத்தாக எடுத்து, ஒரே மூச்சில் பெயர்த்து, பெயர்த்ததைக் கையோடு குறித்து வைத்துக்கொள்ளும். அதே கொத்து மறுபடி வந்தால் குறிப்பை எடுத்து நீட்டிவிடும். நிரல் என்பது பெரும்பாலும் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதுதான் என்பதால் இந்தக் குறிப்பேடு நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும். இதுபோக, திரை இருப்பதாக, கடிகாரம் இருப்பதாக, பேட்டரி இருப்பதாக, சிம் இருப்பதாக உள்ளே இருக்கும் ஆண்ட்ராய்டிடம் சாதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆப்பிள் இந்த வழிக்கு வரவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அவர்கள் கொடுப்பது சிமுலேட்டர். அதில் ஓடும் ஆப்பை மேக் கணினியின் பிராசஸருக்கே நேரடியாகத் தொகுத்துவிடுவார்கள். போன் போலத் தோற்றம் மட்டும். ஆகவே துபாஷியும் இல்லை, தாமதமும் இல்லை. வேகத்தில் அது வென்றது. உண்மைத்தன்மையில் இது வென்றது. ஆனால் அந்த வெற்றியை அனுபவிக்க ரொம்பக் காலம் பொறுமை வேண்டியிருந்தது.

எவ்வளவு பொறுமை என்றால், 2011 வாக்கில் நான் ஆண்ட்ராய்டு பழகத் தொடங்கியபோது எமுலேட்டரைத் தட்டிவிட்டு டீ குடிக்கக் கீழே இறங்கிப் போவேன். திரும்பி வரும்போது 'ஆண்ட்ராய்டு' என்ற எழுத்துகள் இன்னும் மின்னிக்கொண்டிருக்கும். லேப்டாப்பின் விசிறி கிரைண்டர்போல இரையும். ஒருவழியாகத் திரை வந்து, விரலுக்குப் பதில் மவுஸால் இழுத்தால், இழுத்த பிறகு யோசித்துத்தான் நகரும். காலையில் ஒருமுறை திறந்தால் இரவுவரை மூடக்கூடாது என்பது எங்களுக்குள் எழுதப்படாத சட்டம். தெரியாத்தனமாக மூடியவன் எல்லோருக்கும் டீ வாங்க வேண்டும்.

குற்றம் துபாஷியின்மேல் மட்டும் இல்லை. ஆண்ட்ராய்டின் ஒவ்வொரு கட்டளையையும் அது பெயர்த்துக்கொண்டிருக்க, திரையில் வரையும் வேலையையும் அதே பிராசஸர்தான் சுமந்தது. கணினியில் கிராபிக்ஸ் சிப் சும்மா உட்கார்ந்திருக்கும். சமையல்காரரே பரிமாறவும் வேண்டும், இலை எடுக்கவும் வேண்டும் என்றால் பந்தி எப்படி நகரும்?

அந்த நாள்களில் எமுலேட்டர் எனக்குச் செய்த ஓர் உபகாரத்தையும் மறைக்கக்கூடாது. தமிழில் ஒரு சின்ன ஆப் எழுதி, ஆண்ட்ராய்டு 2.3 எமுலேட்டரில் ஏற்றினேன். ஒரு பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாக வந்தது. கூகுளின் 2.3-இல் தமிழ் எழுத்துருவே கிடையாது. எழுத்துருவை ஆப்போடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தால் எழுத்து வந்தது. ஆனால் கொம்பு போட்ட எழுத்துகள் உடைந்தன. 'கொ' என்று எழுதினால் ஒற்றைக் கொம்பு ககரத்துக்கு முன்னால் போய் நிற்காமல் பின்னால் வந்து தொங்கியது. என் கையில் அப்போது இருந்த போனில் தயாரிப்பாளர் தாமாகவே தமிழைச் சேர்த்திருந்ததால் அதில் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. எமுலேட்டர் இல்லாமல் அந்தப் போனை மட்டும் நம்பியிருந்தால், மற்றவர்களுக்குக் கட்டங்களை அனுப்பி வைத்திருப்பேன்.

2009 ஏப்ரலில் வந்த 1.5 பதிப்போடுதான் ஏவிடி என்ற ஏற்பாடு வந்தது: ஆண்ட்ராய்டு வர்ச்சுவல் டிவைஸ். அதற்கு முன் படத்தின் தோலை மாற்றலாம், அவ்வளவுதான். ஏவிடி வந்த பிறகு, எந்தத் திரை அளவு, எவ்வளவு ராம், எந்த ஆண்ட்ராய்டு பதிப்பு என்று நாமே பொறுக்கி, வேண்டுமளவு போன்களைச் செய்து வரிசையாக வைத்துக்கொள்ள முடிந்தது. பத்து போன் வாங்கக் காசில்லாதவனுக்குப் பத்து போன். அவை ஓடும் வேகம் வேறு விஷயம்.

வேகம் 2012-ல் வந்தது. வழி எளிமையானது: துபாஷியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கணினிக்கு ஆர்ம் மொழி புரியாவிட்டால் என்ன, ஆண்ட்ராய்டையே எக்ஸ்86 மொழியில் தொகுத்துவிட்டால் இருவரும் நேரே பேசிக்கொள்வார்களே! இன்டெல் 2005-லேயே தன் பிராசஸர்களில் விடி-எக்ஸ் என்ற வசதியை வைக்கத் தொடங்கியிருந்தது. ஏஎம்டியும் அடுத்த ஆண்டு தன் பங்கை வைத்தது. விருந்தாளி இயங்குதளத்தின் கட்டளைகளை இடையில் யாரும் பெயர்க்காமல் பிராசஸர் நேரடியாக ஓட்டுவதற்கும், அது வேலி தாண்டும்போது மட்டும் பிடித்து நிறுத்துவதற்குமான வசதி. லினக்ஸில் இதைப் பயன்படுத்தும் கேவிஎம் 2007 முதல் இருந்தது. விண்டோஸுக்கும் மேக்குக்கும் இன்டெல் ஹாக்ஸம் என்றொரு சின்ன டிரைவரைச் செய்து கொடுத்தது. கூடவே, திரையில் வரையும் வேலை கிராபிக்ஸ் சிப்புக்குப் போனது. டீக்கடை வியாபாரம் கொஞ்சம் படுத்தது.

அடுத்த ஆண்டே ஜெனிமோஷன் என்ற பிரெஞ்சு எமுலேட்டர் வந்து, வர்ச்சுவல்பாக்ஸ்மேல் ஆண்ட்ராய்டைப் பறக்கவிட்டது. கூகுளுடையதைத் தொடாமல் அதையே வைத்துக்கொண்டிருந்தவர்கள் என் பழக்கத்தில் நிறையப் பேர். 2015 கடைசியில், ஆப் எழுதுவதற்கான தன் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ 2.0-வோடு கூகுள் தன் எமுலேட்டரைப் புதிதாகக் கட்டிக் காட்டிய பிறகுதான் ஆட்கள் திரும்பினார்கள்.

இன்று ஒரு ஏவிடி செய்வது அரை மணி வேலை. அதில் பெரும்பகுதி தரவிறக்கம். பலருக்கு வண்டி முதல் திருப்பத்திலேயே நின்றுவிடும்; காரணம் எமுலேட்டரில் இல்லை, கணினியின் பயாஸில் இருக்கிறது. விடி-எக்ஸ் பிராசஸரில் இருந்தாலும், பல லேப்டாப்புகள் அதை அணைத்து வைத்த நிலையிலேயே கடைக்கு வருகின்றன. மாணவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கப் போன ஓர் இடத்தில் முப்பது கணினியில் இருபதுக்கு மேல் இப்படி அணைந்து கிடந்தன. பயாஸுக்கு வைத்த கடவுச்சொல் லேப் பொறுப்பாளருக்குத்தான் தெரியும். அவர் அன்றைக்கு விடுப்பு. போர்டில் படம் போட்டே ஒரு நாள் போயிற்று. ஆகவே முதலில் இதைப் பாருங்கள்: விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் 'வர்ச்சுவலைசேஷன்' என்ற வரிக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது? 'டிசேபிள்ட்' என்றிருந்தால் கணினியை அணைத்துப் போட்டு, எஃப்2 அல்லது எஃப்10 அமுக்கி பயாஸுக்குள் போக வேண்டும். இன்டெல் என்றால் விடி-எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்ற பெயரில் இருக்கும். லினக்ஸ்காரர்களுக்கு வேறு தலைவலி: வசதி இருக்கும், உங்கள் பயனர் பெயர் கேவிஎம் குழுவில் இருக்காது, அனுமதியில்லை என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லும்.

அது தாண்டினால் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் டிவைஸ் மேனேஜர். புது போனுக்கு முதலில் உடம்பைப் பொறுக்க வேண்டும்: பிக்ஸல் வகைகள், டேப்லெட், மடிக்கும் போன், கைக்கடிகாரம், டிவி. அடுத்து உள்ளே ஓட வேண்டிய ஆண்ட்ராய்டு. இதற்கு சிஸ்டம் இமேஜ் என்று பெயர். இங்கே அவசரப்படக் கூடாது. ப்ளே ஸ்டோரோடு வருகிற இமேஜ் நிஜ போனுக்கு மிக நெருக்கமானது. அந்த நெருக்கத்தினாலேயே ரூட் அனுமதி தராது, பூட்டிய வீடு. உள்ளே புகுந்து கோப்புகளைக் கிளற வேண்டும் என்றால் ப்ளே ஸ்டோர் இல்லாத, கூகுள் ஏபிஐ மட்டும் உள்ள இமேஜ்தான் தோது. இந்த வித்தியாசம் தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவன் சொல்கிறேன்.

செய்து முடித்த போன் எங்கே இருக்கிறது என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள், தங்கள் பயனர் அடைவுக்குள் புள்ளியில் தொடங்கும் ஆண்ட்ராய்டு அடைவைத் திறந்து ஏவிடி என்ற உள் அடைவைப் பார்க்கலாம். கான்ஃபிக் என்ற பெயரில் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறக்கலாம். ராம் இத்தனை, திரை அகலம் இத்தனை, பின்பக்கக் கேமரா உண்டா, முன்பக்கம் உண்டா என்று வரிவரியாக இருக்கும். ஒரு போனின் உடம்பு முழுக்க ஒரு சில டஜன் வரிகள்! பக்கத்திலேயே யூசர்டேட்டா என்று ஒரு பெரிய கோப்பு. நீங்கள் அந்தப் போனில் ஏற்றிய ஆப், எடுத்த படம், எழுதிய குறிப்பு எல்லாம் அதற்குள். ஆண்ட்ராய்டு மட்டும் அங்கே இருக்காது. ஒரே சிஸ்டம் இமேஜைப் பல ஏவிடிகள் பங்கு போட்டுக்கொள்ளும், கூட்டுக் குடும்பத்தின் ஒற்றை அடுப்பு மாதிரி. ஆனாலும் ஒவ்வொரு போனும் சில ஜிபி இடம் கேட்கும். ராம் 8 ஜிபி உள்ள லேப்டாப்பில் ஸ்டூடியோ, பிரவுசர், எமுலேட்டர் மூன்றையும் ஒன்றாகத் திறந்தால் மூச்சு முட்டும்; 16 இருந்தால் நிம்மதி.

உள்ளே போய்விட்டால் வேடிக்கை பார்க்க நிறைய இருக்கிறது. இந்தப் போனுக்கு ஒரு நம்பர் உண்டு: 5554. கணினியில் எமுலேட்டர் காதுகொடுத்துக் கேட்கும் போர்ட் எண்ணே அதன் போன் நம்பர். இரண்டாவது எமுலேட்டரைத் திறந்தால் அது 5556. முதல் போனிலிருந்து 5556-க்கு டயல் செய்தால் இரண்டாவது அடிக்கும். எஸ்எம்எஸ் அனுப்பினால் போய்ச் சேரும். வைஃபை பெயர் ஆண்ட்ராய்டுவைஃபை. பேட்டரி நீங்கள் சொல்லும் அளவில் நிற்கும். 3 சதவீதம் என்று நகர்த்தினால் பதறிப்போய் எச்சரிக்கும். சர்வரை உங்கள் கணினியிலேயே ஓட்டிக்கொண்டு, லோக்கல்ஹோஸ்ட் என்று ஆப்பில் எழுதினால் இணைப்பு கிடைக்காது. ஏனென்றால் அந்தப் போனுக்கு லோக்கல்ஹோஸ்ட் என்றால் அதுவேதான். தன்னைச் சுமக்கும் கணினியை அது 10.0.2.2 என்ற முகவரியில்தான் அறியும். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் இந்தக் கல்லில் ஒருமுறை இடித்துக்கொள்வார்கள்.

கேமராவைத் திறந்தால், பழைய எமுலேட்டரில் சதுரங்கக் கட்டத்தின்மேல் ஒரு வண்ணச் சதுரம் துள்ளிக்கொண்டிருக்கும். இப்போது ஒரு வீடே இருக்கிறது. டிவி வைத்த கூடம். ஆல்ட் விசையை அமுக்கிக்கொண்டு விளையாட்டுகளில் நடப்பதுபோல டபிள்யூ, ஏ, எஸ், டி விசைகளால் நடந்தால் அடுத்த அறைக்குப் போகலாம். கியூஆர் கோட் படிக்கும் ஆப்பைச் சோதிக்க, அந்த வீட்டுச் சுவரில் உங்கள் கியூஆர் படத்தை மாட்டிவிட்டு, நடந்துபோய்ப் பிடிக்க வேண்டியதுதான்.

இடம் சொல்லாவிட்டால் இந்தப் போன் எப்போதும் கலிஃபோர்னியாவில் கூகுள் தலைமையகத்தில் நிற்கும். மதுரையில் நிற்கவைக்க ஒருமுறை 'ஜியோ ஃபிக்ஸ்' என்ற கட்டளையைக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் படித்தபடி அட்சரேகை 9.93 முதலில், தீர்க்கரேகை 78.12 அடுத்து. வரைபடத்தில் ஒரே நீலம். நெட் வரவில்லை போலிருக்கிறது என்று காத்திருந்தேன். படத்தைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, என் போன் நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்குப்புறக் கடலில் மிதந்துகொண்டிருக்கிறது. அந்தக் கட்டளைக்குத் தீர்க்கரேகைதான் முதலில் வர வேண்டும். இன்று வரைபடத்தில் சொடுக்கினாலே போதும், இந்த வம்பே இல்லை. இருந்தாலும் தானியங்கிச் சோதனை எழுதுகிறவர்கள் கட்டளைக்குத்தான் போகிறார்கள். மதுரைக்காரர்கள் இன்னும் அங்கே போய் விழுந்துகொண்டுதான் இருப்பார்கள்.

2017 கடைசியில் குயிக் பூட் வந்தது. மூடும்போது போனின் நினைவை அப்படியே ஸ்னாப்ஷாட் எடுத்து வட்டில் வைத்துவிட்டு, அடுத்த முறை அதை எடுத்து விரித்துவிடும். ஆறு வினாடிக்குள் எழுந்துவிடும் என்றது கூகுள். என் கணினியில் கொஞ்சம் கூடுதல் ஆகும், டீக்குப் போகிற அளவு ஆகாது. இதில் ஒரு கண்ணி உண்டு. பழைய நிலையிலேயே விழிப்பதால் முந்தின நாள் கோளாறும் கூடவே விழிக்கும். நெட் வரவில்லை, கடிகாரம் தப்பு, ஆப் உறைந்துவிட்டது என்று புலம்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, 'கோல்டு பூட் செய்தாயா?' அதற்கும் மசியாவிட்டால் வைப் டேட்டா. நிஜ போனில் அப்படித் துடைக்க மனசு வருமா? இதில் வரும். இதன் அருமையே அதுதான்.

நிரல் எழுதாதவர்களிடமும் இந்தப் பொய்ப் போன் போய்ச் சேர்ந்தது. ப்ளூஸ்டாக்ஸ் போன்றவை விளையாட்டுக்காரர்களைப் பிடித்தன. பப்ஜி மொபைல் பைத்தியம் பிடித்திருந்த காலத்தில் டென்சென்ட் தானே ஓர் எமுலேட்டரை வெளியிட்டது. மவுஸால் குறிபார்க்கிறவன் விரலால் தடவுகிறவனைச் சுலபமாகச் சுட்டுவிடுவான் என்பதால் எமுலேட்டர்காரர்களை அவர்களுக்குள்ளேயே மோதவிட்டது. இந்தியாவில் 2020 செப்டம்பர் 2-ல் அந்த விளையாட்டுக்கே தடை வந்ததும் இங்கே அந்தக் கூத்து அடங்கியது.

ஆக, எமுலேட்டரை அடையாளம் காண்பது ஒரு தேவையாயிற்று. அந்த வித்தை பப்ஜிக்கும் முந்தியது. 2012 பிப்ரவரியில், தன் கடைக்கு வரும் ஆப்களைச் சோதிக்க பவுன்சர் என்றொரு காவலாளியை வைத்திருப்பதாகக் கூகுள் சொன்னது. ஒவ்வோர் ஆப்பையும் எமுலேட்டரில் ஓட்டி, விஷமம் செய்கிறதா என்று பார்க்கும் ஏற்பாடு. ஜான் ஓபர்ஹைட், சார்லி மில்லர் என்ற இரு பாதுகாப்பு ஆய்வாளர்கள் சில மாதங்களிலேயே அதற்குள் தங்கள் ஆப்பை அனுப்பி வேவு பார்த்தார்கள். உள்ளே க்யூஎமு ஓடுவதற்கான தடயம் அப்படியே கிடந்தது. அந்தப் போனின் முகவரிப் புத்தகத்தில் ஒரே ஒருவர். படங்கள் இரண்டே இரண்டு: ஒன்று பூனை, இன்னொன்று லேடி காகா. எந்த மனிதன் அப்படிப் போன் வைத்திருப்பான்? திருட்டு ஆப் அதைப் பார்த்ததும் நல்ல பிள்ளையாக நடித்துவிட்டு, நிஜ போனுக்குப் போன பிறகு வேலையைக் காட்டலாம் என்று அவர்கள் நிரூபித்தார்கள்.

அதே உளவைத்தான் இன்று வங்கி ஆப்களும் செய்கின்றன, நல்ல நோக்கத்தில். பலகையின் பெயர் என்ன, சென்சார்கள் நிஜமாக நடுங்குகின்றனவா, ஐஎம்இஐ எண் ஒழுங்கானதா என்று துருவும். பழைய எமுலேட்டர் ஐஎம்இஐ கேட்டால் பதினைந்து பூஜ்யம் சொல்லும், பாவம். இன்னும் மேலே போய், இந்தச் சாதனம் உண்மையானதுதானா என்று கூகுளிடமே சான்றிதழ் கேட்கும் முறையும் வந்துவிட்டது. யுபிஐ ஆப்பை எமுலேட்டரில் ஏற்றிப் பணம் அனுப்பலாமா என்று என்னைக் கேட்காத உறவினர் குறைவு. முடியாது. யுபிஐ தொடங்கும்போதே உங்கள் சிம்மிலிருந்து ஓர் எஸ்எம்எஸ் போக வேண்டும். அதை வைத்துத்தான் இந்த எண் இந்தப் போனில் இருக்கிறது என்று முடிச்சுப் போடுகிறார்கள். தங்கமீனிடம் இருப்பது சொல்லிவைத்த சிம். இந்த விஷயத்தில் என் ஓட்டு வங்கிக்குத்தான். ஒரு மேசையில் நூறு போலிப் போன்களை ஓட்டுகிறவன் எதற்காக ஓட்டுகிறான் என்று யோசித்தால் போதும்.

கதையில் கடைசித் திருப்பம் 2020-ல். ஆப்பிள் தன் மேக் கணினிகளுக்கு ஆர்ம் வகையிலான எம்1 பிராசஸரைப் போட்டது. கணினி போனின் மொழியையே பேச ஆரம்பித்துவிட்டது. ஓரிரு மாதத்தில் கூகுள் அதற்கான எமுலேட்டரின் முன்னோட்டத்தை வெளியிட்டது. 2007-ல் துபாஷியின் முதுகில் ஏறி ஊர்ந்த அதே ஆர்ம் ஆண்ட்ராய்டு இப்போது துபாஷியே இல்லாமல், எக்ஸ்86 வேடமும் போடாமல், சொந்த மொழியில் ஓடுகிறது. மறுபக்கம், எக்ஸ்86 கணினிகளுக்குத் துபாஷி பகுதிநேர வேலைக்குத் திரும்பி வந்திருக்கிறார்: ஆண்ட்ராய்டு 11 இமேஜ் முதல், இயங்குதளம் நேரடியாக ஓட, ஆர்முக்கு மட்டும் எழுதப்பட்ட ஆப் வந்தால் அந்த ஆப்பை மட்டும் பெயர்த்துத் தருகிறார். இடைக்காலத்தில் கைகொடுத்த ஹாக்ஸமை இன்டெல் 2023 தொடக்கத்தில் கைவிட்டது. விண்டோஸில் அந்த வேலையை வேறு டிரைவர்கள் ஏற்றுக்கொண்டன. விண்டோஸுக்குள்ளேயே ஆண்ட்ராய்டு என்று மைக்ரோசாஃப்ட் தொடங்கிய ஏற்பாடு 2025 மார்ச் 5-ஓடு முடிந்தது. கூகுளின் இயங்குதளப் பொறியாளர்கள் தங்கள் சோதனைக்கு வைத்திருக்கும் இன்னொரு மெய்நிகர் சாதனத்தின் பெயர் கட்டில்ஃபிஷ், நம் கணவாய். மீன் ஆசை அவர்களுக்கு இன்னும் விடவில்லை.

இத்தனை சொன்ன பிறகும், எமுலேட்டரில் ஓடிவிட்டது என்பதற்காக ஆப்பைக் கடையில் வைக்காதீர்கள் என்றே சொல்வேன். அதற்குச் சூடு தெரியாது. வெயிலில் திரை மங்காது. மவுஸின் முனை ஊசி. கட்டைவிரலோ அகலம், பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அமுக்கும். உங்கள் லேப்டாப்பின் வட்டு வேகத்தில் ஓடும் போனைப் பார்த்துவிட்டு, ஆறாயிரம் ரூபாய் போனில் அந்த ஆப் என்ன பாடு படும் என்று கணிக்க முடியாது. அந்த விலையில் ஒரு பழைய போனை வாங்கி மேசையில் வையுங்கள். கடைசிச் சோதனை அதில். முதல் தொண்ணூறு சோதனையும் இதில்.

கோல்டுஃபிஷ் பலகைக்குப் பிற்பாடு வாரிசும் வந்தது. புதிய க்யூஎமுவுக்கு ஏற்றபடி செய்த பலகைக்கு ரான்சூ என்று பெயரிட்டார்கள். ஜப்பானியர் வளர்த்தெடுத்த தங்கமீன் வகை அது. முட்டை உடம்பு, முதுகில் துடுப்பு கிடையாது. உங்கள் எமுலேட்டர் ஓடும்போது ஏடிபி என்ற கட்டளைக் கருவியின் ஷெல்லுக்குள் போய் 'ரோ.ஹார்ட்வேர்' என்னவென்று கேட்டுப் பாருங்கள். மேலே பிக்ஸல் என்று பெயர் ஒட்டியிருந்தாலும், பதில் ரான்சூ என்றுதான் வரும்.